கூண்டம்மாவின் 47ஏ

பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள், ‘தெரியாது’ என்ற சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தகரப்பெட்டியோடு வந்த ஒருவர் ஏதோ ஒரு வண்டியைக் கேட்டார். இவள் உள்ளதை உள்ளபடி தெரியாது என்றாள். அவர் கோபப்படவில்லை. கூண்டுக்கு மேலே ‘விசாரணை’ என்று எழுதியிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்றைக்கே மறந்திருப்பாள். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது.

மூன்று பக்கமும் கம்பிவலை, முன்னால் அரைவட்டமாக ஒரு துவாரம், கறுப்புத் தொலைபேசி ஒன்று, இடதுபக்கம் மட்டும் திரும்பும் மின்விசிறி ஒன்று. இதுதான் கூண்டு. கண்டக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் கூண்டம்மா. கூண்டுக்கு அலுவலகத்திலிருந்து கடைசியாகக் கால அட்டவணை வந்து ஆறு வருடமாகிறது. வண்டி நேரம் மாறினால் சுற்றறிக்கை டிப்போவுக்குப் போகும், டிரைவர்களுக்குப் போகும், சைக்கிள் நிறுத்தம் ஏலம் எடுத்தவருக்குக்கூட ஒரு நகல் போகும். மக்கள் வந்து கேட்கிற அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வராது. கேட்டால், “உங்களுக்கு வரலையா?” என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஆகவே கூண்டம்மா பழைய ஞாபகம், கண்டக்டர்கள் பேசிக்கொள்வதில் காதில் விழுந்தது, தன் குரலின் உறுதி ஆகிய மூன்றையும் வைத்துக் காலம் தள்ளினாள். மூன்றில் குரல்தான் பெரிய துணை. “ஆறு பத்துக்கு நாலாம் தடத்துல வரும்” என்று அவள் சொன்னால், கேட்டவருக்குப் பாதி தூரம் போய்ச் சேர்ந்த திருப்தி வந்துவிடும்.

வீட்டில் அந்தக் குரல் செல்லுபடியாகாது. அவள் புருஷன் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிப்பவர். மழை வரும் என்று இவள் சொன்னால் குடையை எடுக்காமல் போவார். மகளும் வெளியூரிலிருந்து போன் பண்ணினால் அப்பாவிடம் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்வாள். அந்த வீட்டில் இவள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த ஒரே ஜீவன் நாத்தனார். புருஷனின் தங்கை. வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, புத்தகம் பைண்டிங் செய்யும் கூடத்தில் வேலை, வலது முழங்காலில் தேய்மானம். எல்லாரும் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாத்தனார் என்றாலே குத்திக்காட்டுவதற்கென்று பிறந்தவள் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்க, இந்தப் பாப்பாவுக்கு அண்ணி சொன்னால் சொன்னதுதான். “அண்ணி சொல்லிட்டாங்க” என்று அவள் சொல்லிவிட்டால் அண்ணன்கூட வாயை மூடிக்கொள்வார். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், கூண்டம்மா அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தது பாப்பாவின் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் ஊருக்குள் பல் டாக்டர் ஆப் வந்தது.

அதற்கு நல்லதாக வேறு பெயர் இருந்தது, யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. கடைவீதியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஒருவர், நோயாளிகள் எல்லாரும் “பஸ் வரலை டாக்டர்” என்று சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், எந்த வண்டி எப்போது வரும் என்று போனில் காட்டும் ஆப் ஒன்றைத் தானே உட்கார்ந்து எழுதினார். மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், கம்ப்யூட்டர் டீச்சர் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். நிறுத்தம் நிறுத்தமாக நோட்டுப்புத்தகத்தோடு நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நேரம் குறித்தார்கள். அரசாங்கம் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை, வெயில் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. பழைய அட்டவணையில் இருந்தும் இவர்கள் கண்ணால் பார்க்காத வண்டிகளுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்கள். அவ்வளவு நாணயமானவர்கள்.

அந்த ஆப்பைக் கூண்டம்மாவின் போனில் போட்டுக்கொடுத்தவர் அவள் புருஷன்தான். “உங்க ஆபீஸ்ல இல்லாத விவரமெல்லாம் இதுல இருக்கு பாரு” என்று குத்தலாகத்தான் கொடுத்தார். அவள் அலட்சியமாக வாங்கிக்கொண்டு, மறுநாள் கூண்டில் மேஜை இழுப்பறையைப் பாதி திறந்து அதற்குள் போனை வைத்தாள். கேட்டவருக்குத் தெரியாமல் ஒரு பார்வை, உடனே பதில். ஒரே வாரத்தில் அவள் பெயர் இன்னும் ஓங்கிவிட்டது. நிமிடம் பிசகாமல் சொல்கிறாள் என்று கண்டக்டர்களே வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் தொலைபேசி அடித்தது. ஓர் ஆண்குரல், மரியாதையாக, “அம்மா, சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குத் தண்ணித்தொட்டி ஸ்டாப் வழியா 47ஏ இருக்கா?” என்றது.

அவள் இழுப்பறையைப் பார்த்தாள். 47ஏ, 5.40 என்று இருந்தது. பக்கத்தில் ஏதோ சாம்பலாகத் தெரிந்தது. அவள் போனின் கண்ணாடி போன வருடமே கீறியிருந்ததால், அதையும் கீறலென்றே நினைத்தாள்.

“இருக்குங்க. அஞ்சு நாப்பது.”

“நிச்சயமாம்மா?”

“நான் எதுக்குங்க பொய் சொல்லப்போறேன்?”

அந்தக் குரல் நன்றி சொல்லி வைத்தது. மறுநாள் ஆப்பில் 47ஏ-வுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போய்ப் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. கீழே ‘நிலையத்தில் உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. கூண்டம்மா அதைப் படித்தாள். பரவாயில்லையே, யாரோ நிலையத்திலேயே வந்து விசாரித்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆப்பின் மேல் மரியாதை கூடியது.

பைண்டிங் கூடத்தில் அதே மாதம் வேலை நேரத்தை மாற்றினார்கள். இனிமேல் ஐந்தரைக்கே விட்டுவிடுவார்களாம். பாப்பா வந்து கேட்டாள்.

“அஞ்சரைக்கு மேல நம்ம பக்கம் வர வண்டி இருக்கா அண்ணி?”

“அஞ்சு நாப்பதுக்கு 47ஏ. தண்ணித்தொட்டி ஸ்டாப்புல நில்லு. ஸ்டாப் வரைக்கும் போனா போதும், முட்டிக்கு நல்லது.”

பாப்பா நின்றாள். வண்டி வரவில்லை. ஆறேகால் வரை நின்றுவிட்டு, காலை இழுத்து இழுத்துப் பெரிய சாலை வரை நடந்து, வேறு வண்டி பிடித்து வீடு வந்தாள். மறுநாளும் அப்படியே. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. “இன்னைக்கு வரலை அண்ணி, பிரேக்டவுன் போல” என்பாள். கூண்டம்மாவும் “அப்படித்தான் இருக்கும்” என்பாள். வண்டி இல்லாமல் இருக்கலாம் என்ற நினைப்பு இரண்டு பேர் தலையிலும் எட்டிப் பார்க்கவில்லை.

நிறுத்தத்தில் நின்ற மற்றவர்கள் ஆப்பில் ‘வரவில்லை’ என்று அழுத்தினார்கள். மறுபடியும் அதே குரல் தொலைபேசியில் வந்தது.

“அம்மா, 47ஏ வரலைன்னு நிறைய பேர் சொல்றாங்க.”

கூண்டம்மா இழுப்பறையைப் பார்த்தாள். பச்சை டிக் கல்லுப்போல இருந்தது. “வண்டி இருக்குங்க. ரோடு வேலை நடக்குது, அதான் லேட்டு” என்றாள். ரோடு வேலை அவள் சொந்தச் சரக்கு. ஆனால் அந்த ஊரில் எந்த நேரத்திலும் எங்காவது ஒரு ரோட்டைத் தோண்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால், அதைப் பொய் என்று அவள் எண்ணவில்லை. மறுநாள் ஆப்பில் ‘சாலைப் பணியால் தாமதம் – நிலையத் தகவல்’ என்று வந்தது. எவ்வளவு விவரமாகப் போடுகிறார்கள் பார் என்று வியந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

அந்த ஆப்பில் ‘நான் காத்திருக்கிறேன்’ என்று இன்னொரு பொத்தானும் உண்டு. 47ஏ-வுக்குத் தினமும் பத்தொன்பது, இருபது பேர் என்று காட்டியது. இத்தனை பேர் காத்திருக்கிற வண்டி வராமலா போகும் என்று புதிதாக நாலு பேர் வந்து நின்றார்கள்.

குட்டு உடைந்தது ஒரு கடைவாய்ப்பல்லால். வீங்கிய கன்னத்தோடு கூண்டம்மா அரைநாள் லீவு போட்டு, பிற்பகல் நாலு மணிக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாள். வலியில் பேச முடியாமல் சீட்டில் எழுதிக்கொடுத்ததால், குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு வாய்ப்பில்லை. ஊசி போட்டு, வாயைப் பிளந்து, எச்சில் உறிஞ்சும் குழாயை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் பேச ஆரம்பித்தார். பல் டாக்டர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இது. எதிராளி எதிர்த்துப் பேச வழியில்லை.

“பஸ்லயா வந்தீங்க? நம்ம ஆப் பார்த்தீங்களா? எல்லாரும் கேக்கறாங்க, எப்படி டாக்டர் இவ்வளவு கரெக்டா போடறீங்கன்னு. ரகசியம் என்ன தெரியுமா? நிலையத்துல விசாரணையில ஒரு அம்மா இருக்காங்க. எங்களுக்குச் சந்தேகம்னா அவங்களத்தான் கேப்போம். தங்கமான மனுஷி. இருக்குன்னா இருக்கு, லேட்டுன்னா லேட்டு. இந்த 47ஏ-வையே எடுத்துக்குங்களேன். எங்க ஆளுங்க யாருமே கண்ணால பார்க்கலை. தூக்கிடலாம்னுதான் இருந்தோம். அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் வெச்சிருக்கோம்.”

கூண்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“இருங்க, இன்னைக்கும் கேட்டுடறேன்” என்று டாக்டர் கையுறையைக் கழற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டார். எங்கோ பூட்டிய கூண்டுக்குள் கறுப்புத் தொலைபேசி அடிப்பது அவள் காதில் கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

“எடுக்கலை. பாவம், அவங்களும் மனுஷிதானே, எங்கயாவது போயிருப்பாங்க” என்றார் டாக்டர்.

அது நான்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். மரத்துப்போன உதட்டில் “ஆ... ஆ...” என்றுதான் வந்தது.

“வலிக்குதா? முதல்லயே சொல்லக்கூடாதா?” என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

பல் போனது. பஞ்சைக் கடித்துக்கொண்டு நேரே தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்துக்குப் போனாள். மணி ஐந்து ஐம்பது. எதிர்ச்சாரியில் ஒரு லாரியின் மறைவில் நின்று பார்த்தாள். இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். பாப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பொறுமை போய்க் கிளம்பப் பார்த்த ஒரு பெண்ணிடம் அவள் சொன்னது சாலையைத் தாண்டிக் கேட்டது: “இன்னும் கொஞ்சம் இருங்க. எங்க அண்ணி நிலையத்துலயே இருக்காங்க. அவங்க சொன்னா வரும்.” அந்தப் பெண் திரும்பி வந்து நின்றாள்.

கூண்டம்மா ஓர் அடி முன்னால் வைத்து, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாலையைக் கடக்கத் தைரியம் வரவில்லை. உதடு மரத்திருக்கிறது, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் கிளை மேலாளர் அறைக்குப் போய், “சார், அஞ்சு நாப்பது 47ஏ ஓடுதா?” என்று கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பல் டாக்டர் ஆப்பைத்தான் திறந்தார்.

“ஓடுதே. பச்சை டிக் இருக்கு பாருங்க.”

“அது நான் போட வெச்ச டிக் சார்” என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

கோப்புகளை வரவழைத்தார்கள். போதிய பயணிகள் இல்லாததால் அந்த வண்டியை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. மேலாளர் அவளைக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண் போனிலேயே இருந்தது.

“இல்லாத வண்டிக்கு இருபது பேரா? இருக்கிற வண்டிக்கே இவ்வளவு நிக்கலையேம்மா” என்றார். பிறகு, “சரி, பார்ப்போம்” என்றார்.

அந்த அலுவலகத்தில் ‘பார்ப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? கூண்டுக்கு நாற்காலி கேட்டபோதும் பார்ப்போம், மின்விசிறியைச் சரிசெய்யச் சொன்னபோதும் பார்ப்போம். ஆகவே அந்தக் கதை அதோடு முடிந்தது என்று கூண்டுக்கு வந்து டாக்டருக்குப் போன் செய்தாள். இந்த முறை குரல் தெளிவாக இருந்தது.

“டாக்டர், 47ஏ இல்லை. எடுத்துடுங்க. நேத்து நீங்க பல்லு பிடுங்கினது எனக்குத்தான்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்ப மத்த வண்டியெல்லாம் எதை வெச்சும்மா சொன்னீங்க?”

“உங்க ஆப்பைப் பார்த்துத்தான்.”

“நாங்க உங்களைக் கேட்டுத்தானேம்மா போட்டோம்.”

துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஏதோ வண்டியைக் கேட்டார். அவள் பழக்கத்தில் இழுப்பறையைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். அன்று மாலைக்குள் ஆப்பிலிருந்து 47ஏ காணாமல் போனது, வருத்தம் தெரிவித்து நாலு வரியோடு.

பாப்பாவிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. அடுப்படியில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள்.

“அந்த வண்டி இல்லை பாப்பா. மூணு வருஷமா இல்லை. நான் சொன்னது தப்பு.”

பாப்பா கழுவிய தட்டைத் துடைத்து அடுக்கினாள். “ஓ” என்றாள். பிறகு, “அப்ப நாளையிலேர்ந்து நிக்க வேணாம். கூடத்துலேர்ந்து நேரா வீட்டுக்கே நடந்துடறேன்” என்றாள். குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று கூண்டம்மாவுக்கு இருந்தது. கூடத்திலிருந்து வீடு ஐம்பது நிமிட நடை, பாதி மேடு. இனிமேல் பாப்பா என்னை நம்பி எதைக் கேட்பாள் என்று நினைத்து நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பல் பிடுங்கியதால்தான் என்று புருஷன் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. பாப்பா வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

“அண்ணி, வருத்தப்படக்கூடாது. மூணு நாளா வழியில ஒரு 47ஏ என்னைத் தாண்டிப் போகுது.”

கூண்டம்மா கையிலிருந்த கரண்டி நின்றது. “என்ன சொல்றே?”

“ஆமா. தண்ணித்தொட்டி தாண்டி. உள்ள ஒரு ஈ காக்கா இல்லை. இன்னைக்கு டிரைவரே நிறுத்தி, ஏறுங்கம்மான்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

“ஏன்?”

“நீங்கதான் அப்படி ஒரு வண்டியே இல்லைன்னீங்களே. நீங்க தப்பா வந்துட்டீங்கய்யா, நிலையத்துலயே விசாரிச்சாச்சு, 47ஏ கிடையாதுன்னு சொன்னேன். அவருக்கே சந்தேகம் வந்து, ஒரு மாசத்துக்கு ஓட்டச் சொல்லியிருக்காங்க, ஆள் ஏறலைன்னா நிறுத்திடுவாங்கன்னு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாரு. என்ன காகிதமோ. நான் நடந்து வந்துட்டேன்.”

கூண்டம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த ஒரு தடவை ‘பார்ப்போம்’ என்ற மனிதர் பார்த்துவிட்டார். சுற்றறிக்கை டிப்போவுக்குப் போயிருக்கும், டிரைவர் கைக்குப் போயிருக்கும், சைக்கிள் நிறுத்தத்துக்கும் போயிருக்கும். வண்டி இல்லாதபோது இருபது பேரை நிற்கவைத்தவள், வண்டி வந்தபோது அத்தனை பேரையும் கலைத்துவிட்டாள். மிச்சமிருந்த ஒருத்தியும், ஏறச்சொல்லிக் கூப்பிட்ட வண்டியை விட்டுவிட்டுத் தேய்ந்த முழங்காலோடு மேடேறி வந்திருக்கிறாள்.

“நாளைக்கு அது வருமா அண்ணி?” என்றாள் பாப்பா. “கண்ணால பார்த்தது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

வரும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். அவள் அதை விழுங்கினாள்.

“தெரியாது” என்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தார்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கே கூண்டைச் சாத்திட்டு ஸ்டாப்புக்கு வந்துடறேன்” என்றாள் கூண்டம்மா. “ரெண்டு பேரும் நின்னு பார்ப்போம். வந்தா ஏறுவோம்.”

பாப்பா தைலக்குப்பியை மூடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“நீங்க எதுக்கு அண்ணி அவ்வளவு தூரம் அலையணும்?” என்றாள். “இருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எனக்குப் போதாதா?”